ஓடும் வண்டிக்கு வந்த அழைப்பு

நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் வண்டிகளில் இப்போது கேமரா வைத்திருக்கிறார்கள். டிரைவரின் கண் சாலையை விட்டு நகர்ந்தால் அது கூவுகிறது. அங்கே பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். "மேடம், கேமரா கத்துது, அவங்க ஒரு துணியப் போட்டு மூடிடறாங்க. நீங்க இருந்தப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் பேசுவீங்களாமே, இன்னா பேசுவீங்க?" என்று கேட்டார். காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் முதலில் தையல் பிரிவில் இருந்தேன். ஷூவின் மேல்தோலைத் தைக்கும் மெஷினில் பதினான்கு வருடம். விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி மினி பஸ்ஸில் போய் வருவேன். அப்புறம் முதுகு வலி வந்து மெஷினில் உட்கார முடியாமல் போனபோது, பாதுகாப்பு அதிகாரி தேவசகாயம் சார் என்னைப் போக்குவரத்துப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் பயிற்சி என்ற பெயரில் நோட்டுகளில் கோடு போட்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

டிரைவர்களுக்கு என் நியமனம் பிடிக்கவில்லை. "ஸ்கூட்டி தவிர இன்னா ஓட்டத் தெரியும் இந்தம்மாவுக்கு?" என்று ஒருவர் சார் காதுபடவே சொன்னார். சார் கோபப்படவில்லை. "பதினாலு வருஷம் உங்க பின்னால உட்காந்து வந்தவங்க இவங்க. நீங்க எந்த வளைவுல போன் எடுப்பீங்கன்னு உங்களவிட இவங்களுக்கு ஜாஸ்தி தெரியும்" என்றார்.

அது உண்மைதான். வண்டியில் முன் இருக்கையில் உட்காரும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டோம். டிரைவரைப் பகைத்துக்கொண்டால் மறுநாள் ஸ்டாப்பில் நிற்காமல் போய்விடுவாரோ என்ற பயம்.

தேவசகாயம் சார் கம்பெனிக்கு வருவதற்கு முன் லாரி ஓட்டியவர். ஓட்டிக்கொண்டே படித்துத் தேர்வு எழுதி அதிகாரி ஆனார். உயரமான மனிதர், குரல் மட்டும் மிகத் தாழ்வாக இருக்கும். எவரையும், இருபத்திரண்டு வயது டிரைவரைக்கூட, "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். டிரைவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "கூட்டத்துல எல்லாரும் பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்றதா நெனச்சிக்குவாங்க" என்பார். ஒரு நாளைக்கு ஒரு டிரைவர், ஒரே ஒருவர். அதுதான் அவருடைய முறை. அதை அவர் எனக்கு மூன்று வாரம் கூடவே வைத்துக்கொண்டு காட்டினார்.

காலை வண்டிகள் வந்து பெண்கள் இறங்கிப் போனபின், டிரைவர் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பேச்சு அவருடைய வண்டியிலேயே நடக்கும். அவர் ஓட்டும் இருக்கையில், நாம் இடது பக்கம். ஏறுவதற்கு முன் "உட்காரலாமா?" என்று கேட்க வேண்டும். கையில் ஃபைல் இருக்கக் கூடாது. முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. இருவருக்கும் முன்னால் கண்ணாடி இருக்கிறது, அதைப் பார்த்துப் பேசினால் போதும். தப்பு நடந்த அன்றைக்கே பேசக் கூடாது. ஒருநாள் ஆற வேண்டும், அவருக்கும் நமக்கும்.

முதல் கேள்வி போனைப் பற்றி இருக்காது. "இன்னைக்கு ரூட்ல எந்த இடத்துல உங்களுக்குத் திக்குனு ஆச்சு?" இதற்குப் பதில் சொல்லாத டிரைவரை நான் பார்த்ததில்லை. குறுக்கே வந்த மாடு, எதிர்த்திசையில் வந்த ஷேர் ஆட்டோ, இன்டிகேட்டர் போடாத லாரி என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அப்புறம் இரண்டாவது கேள்வி. "அந்த நேரத்துல போன் வந்திருந்தா?"

அதன்பின் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். கம்பெனிக்குள் கேன்டீனுக்குப் போகும் சாலையோரம் இரண்டு கற்களுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தோம். இடையில் ஐம்பது மீட்டர். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மூன்று நொடியில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். போனை எடுத்து யாரென்று பார்த்து வைக்க அந்த மூன்று நொடி வேண்டும். டிரைவர் முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்வரை நடப்பார். நாமும் கூட நடப்போம். யாரும் பேச மாட்டோம். நடந்து முடித்ததும் சார் சொல்வார்: "இவ்ளோ தூரம் வண்டி போச்சு. நீங்க அதுல இல்ல."

கடைசியில் இனி என்ன செய்யப் போகிறார் என்பதை டிரைவரே சொல்ல வேண்டும். அவர் சொன்ன வார்த்தையில் அப்படியே எழுதிக்கொள்வோம். கையெழுத்து வாங்க மாட்டோம்.

சலீம் பாய் என்று ஒரு டிரைவர், பேரணாம்பட்டு ரூட். ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமானவர். போனைக் கையில் தொடவே மாட்டார். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பேசியபடியே ஓட்டுவார். "கை ஸ்டீரிங்ல, கண்ணு ரோட்டுல. அப்புறம் இன்னாம்மா பேஜாரு?" என்றார். அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஒன்றைச் செய்து பார்த்தேன். வண்டியில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு, "பாய், காம்பவுண்டுக்குள்ளயே மெதுவா ரெண்டு ரவுண்டு போலாம். ரெண்டாவது ரவுண்டுல கேன்டீன் வாசல்ல நிறுத்துங்க" என்றேன். முதல் சுற்றில் அவருடைய மகளின் நிக்காஹ் ஏற்பாடு பற்றிக் கேட்டேன். மண்டபம் கிடைத்தது, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர், பிரியாணிக்கு யாரைச் சொல்லியிருக்கிறது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாவது சுற்றில் கேன்டீன் வாசலைத் தாண்டி, குப்பைத் தொட்டியையும் தாண்டிப் போய்விட்டது வண்டி.

"பாய், கேன்டீன்" என்றேன்.

பிரேக் போட்டார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. பக்கக் கண்ணாடியில் பின்னால் தெரிந்த கேன்டீனைப் பார்த்துக்கொண்டே, "கண்ணு ரோட்டுலதாம்மா இருந்துச்சு" என்றார். காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எல்லோரிடமும் இப்படி நடந்துவிடவில்லை. ஸ்டீரிங் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து வீடியோ பார்த்தபடியே ஓட்டும் ஒருவரிடம் மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் ஐம்பது மீட்டர் நடந்தார், மூன்று முறையும் இனிமேல் பார்க்க மாட்டேன் என்றார். நாலாவது முறை புகார் வந்ததும் சார் அவரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார். அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் தெரியவில்லை.

நான் சொல்ல வேண்டியது ஏகாம்பரத்தைப் பற்றி.

ஏகாம்பரம் குடியாத்தத்துக்காரர். எட்டாம் நம்பர் வண்டி. வேலூர் பக்கம் தொடங்கி விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா என்று நெடுஞ்சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். அவருடன் பேசியபோது அவர் சொன்ன வாக்கியம் என் நோட்டில் இருந்தது: "போன் பையில இருக்கும். வண்டி நின்னாதான் எடுப்பேன்." அவர் சொன்னபடி நடப்பவர். புகார் என்று ஒன்றுகூட அவர்மேல் வந்ததில்லை.

அன்று ஒரு ஏற்றுமதி சரக்கு போக வேண்டிய நாள். பள்ளிகொண்டா அருகே லாரி ஒன்று பழுதாகி நின்று, சாலையில் நெரிசல். எட்டாம் நம்பர் வண்டி வரவில்லை. தையல் பிரிவின் மேனேஜர் போக்குவரத்து அறைக்கே வந்துவிட்டார். "எட்டு எங்கம்மா? முப்பது பேர் வரணும். லைன் நிக்குது" என்று என் மேசைக்கு முன்னால் நின்றார். நான் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மேனேஜர் நகரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அதையும் எடுக்கவில்லை.

சிறிது நேரத்தில் என் போன் அடித்தது. எட்டாம் நம்பர் வண்டியில் வந்த ஒரு பெண்.

"மேடம், பரிமளாவ இடிச்சிட்டாரு மேடம்."

பரிமளா தையல் பிரிவுப் பெண். அப்போது இருபத்தொன்பது வயது. அவளுடைய ஸ்டாப்தான் அந்த ரூட்டில் கடைசி. சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நின்றிருக்கிறாள். வண்டி வருவதைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கியிருக்கிறாள். நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்த வண்டி, நேராக வராமல் இடதுபக்கம் சாய்ந்து வந்து இடித்தது. இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்தன. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு ஆபரேஷன் நடந்தது.

ஏகாம்பரத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வழக்கு ஒரு பக்கம் போக, கம்பெனிக்குள் ஒரு விசாரணை உண்டு. நடந்ததை டிரைவரிடம் கேட்டு நான் அறிக்கை எழுத வேண்டும். எட்டாம் நம்பர் வண்டி ஸ்டேஷனில் இருந்தது. வேறொரு வண்டியில் ஏறினோம். ஓட்டும் இருக்கையில் உட்கார அவர் மறுத்துவிட்டார். பின்வரிசையில், பெண்கள் உட்காரும் சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"போன் பையிலதான் இருந்துச்சு மேடம். மொதல் தடவ அடிச்சப்ப எடுக்கல. மறுபடி அடிச்சதும், வீட்ல யாருக்காவது இன்னா ஆச்சோன்னு எடுத்துப் பாத்துட்டேன். பாத்து வெக்கறதுக்குள்ள..."

"யார் கூப்பிட்டது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தெரியல மேடம். கவனிக்கல."

அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். என் கைப்பையில் இருந்த போனில் இரண்டு அழைப்புகளும் நேரத்தோடு பதிவாகியிருந்தன. அதை ஏற்கெனவே நூறு முறை எடுத்துப் பார்த்திருந்தேன். அறிக்கையில் ஒரு வரி உண்டு, அழைத்தவர் யார் என்று. அதில் "தெரியவில்லை" என்று எழுதினேன்.

இரண்டு நாள் அந்தக் காகிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் வேறொரு டிரைவரோடு பேச வண்டி ஏறினேன். "உட்காரலாமா?" என்று கேட்டேன். அவர் "வாங்க மேடம்" என்றார். உட்கார்ந்தேன். முதல் கேள்வி வாயில் வரவில்லை. இறங்கி நேராக தேவசகாயம் சார் அறைக்குப் போனேன்.

"சார், ஏகாம்பரத்துக்குப் போன் பண்ணது நான்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ சார்."

"மொதல் தடவ அவர் எடுக்கலன்னதும் இன்னா நெனச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஓட்டிட்டு இருக்காருன்னு நெனச்சேன் சார்."

"அப்புறம் ஏன் ரெண்டாவது தடவ?"

"லைன் நின்னுச்சு சார். மேனேஜர் முன்னால நின்னுட்டு இருந்தாரு."

சார் தன் போனை எடுத்து, எதையோ தேடி, என் பக்கம் திருப்பி வைத்தார். அதற்கு முந்தின வாரம், காலை வண்டி நேரத்தில், ஏகாம்பரத்துக்கு அவர் செய்த ஒரு அழைப்பு. "இது நான் பண்ணது. அன்னிக்கு ஒண்ணும் ஆகல, அவ்ளோதான்" என்றார். "டிரைவருங்கள நடக்க வெச்சோம். கூப்பிடறவங்களப் பத்தி நாம யோசிக்கவே இல்ல. லைன் நின்னா நிக்கட்டும்னு சொல்ற அதிகாரத்த உங்களுக்கு நான் குடுத்திருக்கணும். குடுக்கல."

என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அறிக்கைய மறுபடி எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க. என்னுதையும் சேத்துடுங்க" என்றார். எழுதினேன். போலீசிலும் அதையே சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஏகாம்பரத்தின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் டிரைவர்களோடு பேசக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. அந்த மூன்று மாதமும் சார் தாமே ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினார்.

பரிமளாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் அவள் அம்மா டிபன் டப்பாவைக் கழுவப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். அவள் காலைக் கட்டி மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

"நீங்களா?" என்றாள்.

"ஆமா."

"எனக்காகவா கூப்பிட்டீங்க? நான் லேட்டுன்னா?"

"இல்ல பரிமளா. வண்டி லேட்டுன்னு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போங்க மேடம்" என்றாள். கொண்டுபோன பழங்களை வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது அவள் தூங்குவதாக அம்மா சொன்னாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு நான் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி வண்டிகளில் ஏறத் தொடங்கினேன். முறை அதேதான். ஆனால் முதல் கேள்விக்கு முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "ஏகாம்பரம் வண்டி ஓட்டறப்ப போன் பண்ணது நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலன்னா இப்ப தெரிஞ்சிக்கோங்க." சிலர் தலையை ஆட்டினார்கள். சலீம் பாய், "தெரியும்மா. நீங்க வாயால சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தோம்" என்றார். இரண்டு பேர் என்னோடு பேசவே மாட்டோம் என்று இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களிடம் சாரே பேசினார்.

அதோடு டிரைவர்களைக் கூப்பிடுகிறவர்களிடமும் பேச ஆரம்பித்தோம். ஒவ்வொரு டிரைவரிடமும் ஓட்டும்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதினேன். மனைவி, தம்பி என்று வரும் என்று நினைத்திருந்தேன். வந்ததில் பாதிக்குமேல் எங்கள் பெயர்கள்தான். லைன் சூப்பர்வைசர்கள், கேட் செக்யூரிட்டி, "அண்ணா ரெண்டு நிமிஷம் நில்லுங்க, வந்துட்டேன்" என்று கூப்பிடும் தையல்காரப் பெண்கள். அந்தத் தையல் பிரிவு மேனேஜரைக்கூட சார் வெள்ளைக்கல்லுக்குக் கூட்டிப் போய் நடக்க வைத்தார். அவர் ஷூவில் புழுதி படாமல் நடக்கப் பார்த்தது நினைவிருக்கிறது.

ஏகாம்பரம் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தபின்னும் வண்டியைத் தொடவில்லை. கம்பெனி குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்டேன்.

"யார் கூப்பிட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியும் மேடம். பேரு வந்துச்சே."

"ஏன் சொல்லல?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கூப்பிட்டது நீங்க, வாஸ்தவம். எடுத்துப் பாத்தது நான்தான? உங்க பேரச் சொல்லிட்டா என் கண்ணு ரோட்டுக்கு வந்துடுமா?" ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆனா நீங்க சொன்னது நல்லதுதான் மேடம். அதுக்கப்பறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்றார்.

பரிமளா பதினோரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். வலது காலை இழுத்து நடந்தாள். தையல் மெஷினின் பெடலை அவளால் அழுத்த முடியவில்லை. கம்பெனி அவளுக்கு லேபிள் ஒட்டும் வேலை தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு தேவசகாயம் சார் அறைக்கு வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

"சார், எனக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேல வேணும்."

"அங்க இன்னா வேல பாப்பீங்க?"

"வண்டி எங்கன்னு கேட்டு எல்லாரும் போன் பண்றாங்க இல்ல, அந்தப் போனு. அத நான் பாத்துக்கறேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மறுநாளே அவளுக்கு என் மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டார்கள். டிரைவர் யாருடைய எண்ணும் இனி சூப்பர்வைசர்களிடம் இருக்காது, வண்டியில் வரும் பெண்களிடமும் இருக்காது. கேட்பதானால் அவளிடம்தான் கேட்க வேண்டும். வண்டி ஸ்டாப்பில் நின்றால் டிரைவர் அவளுக்குப் போனில் ஒருமுறை மணியடித்துவிட்டு வைத்துவிடுவார். அவள் நேரத்தை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

எதிரெதிரே உட்கார்ந்தும் முதல் சில மாதங்கள் அவள் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. அதை நானும் மாற்ற முயலவில்லை. பிறகு ஒருநாள் தன் டப்பாவிலிருந்து வடையை எடுத்து என் டப்பாவின் மூடிமேல் வைத்தாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

தேவசகாயம் சார் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றார். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் மறுபடி ஒரு ஏற்றுமதி நாள். நல்ல மழை. மூன்றாம் நம்பர் வண்டி வரவில்லை. புதிதாக வந்திருந்த ஒரு மேனேஜர் போனில் கத்துவது என் நாற்காலிவரை கேட்டது. டிரைவர் நம்பரைக் கொடு என்று கேட்டார். பரிமளா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சார், வண்டி ஓடிட்டு இருக்கு. இப்ப கூப்பிட மாட்டேன்" என்றாள்.

மறுபடியும் கத்தல்.

"லைன்தான சார்? நிக்கட்டும்."

ரிசீவரை வைத்தாள். நோட்டைத் திறந்து அந்த வண்டி கடைசியாக நின்ற நேரத்தைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். இருவரும் ஜன்னல் வழியாக மழையையும் கேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து மூன்றாம் நம்பர் வண்டி உள்ளே வந்தது. பெண்கள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். பரிமளா உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வண்டியில் வருகிறவர்கள் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு பேர் இறங்கினார்கள்.